ஏற்கிறேன் என்னும் கைநாட்டு

"உங்கள் தனியுரிமையை நாங்கள் மதிக்கிறோம்." இணையத்தில் இந்த வாக்கியத்தைக் காணும்போதெல்லாம் வட்டிக்கடைச் சுவரில் மாட்டியிருக்கும் காந்தி படம்தான் என் நினைவுக்கு வருகிறது. மதிப்பவர் அதைச் சொல்லிக்கொண்டு வாசலை மறித்து நிற்பதில்லை. ஒரு சிறுகதையைப் படிக்க வந்தவரின் திரையில் பாதியை மூடிக்கொண்டு இந்த அறிவிப்பு எழுகிறது. கதை தமிழில் இருக்கிறது, தளத்தின் பெயர் சங்கச் சொல்லொன்றில் இருக்கிறது, அறிவிப்பு மட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது. 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்று பொருள்படும் பொத்தான் பச்சையாகவும் பெரிதாகவும் ஒளிர்கிறது. பக்கத்தில் வெளிறிய எழுத்தில் 'தெரிவுகளை நிர்வகி' என்றொரு சுட்டி. அதைச் சொடுக்கினால் கேள்விப்பட்டிராத விளம்பர நிறுவனங்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று வரிசை வரிசையாக விரிகிறது. கதை படிக்க வந்தவர் என்ன செய்வார்? பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டுக் கதைக்குப் போவார்.

இதற்குச் சம்மதம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். நான் இதை வெற்றுப் புரோநோட்டில் வாங்கிய கையெழுத்து என்கிறேன். பள்ளிபாளையத்தில் வாழ்கிறவனுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் குக்கீ என்பது என்ன? ('நினைவி' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் இது யாருடைய நினைவு என்பதே இங்கு வழக்காக இருப்பதால் அந்தச் சொல்லை இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன்.) 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி என்ற பொறியாளர் இதை வடிவமைத்தார். வலைத்தளம் பிறவியிலேயே மறதி கொண்டது. ஒரு பக்கத்தைக் கேட்ட ஆள்தான் அடுத்த பக்கத்தையும் கேட்கிறான் என்பது அதற்குத் தெரியாது. கூடையில் பொருளைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால் கூடை காலியாகிவிடும். இதைத் தீர்க்க, தளம் ஒரு சிறு எழுத்துக்கோவையை உலாவியிடம் கொடுத்துவைக்கிறது. அடுத்த முறை வரும்போது உலாவி அதைத் திருப்பிக் காட்டுகிறது. கோயில் வாசலில் செருப்பு விடுமிடத்தில் கொடுக்கும் டோக்கனைப் போல. டோக்கனில் உங்கள் பெயர் இல்லை, ஓர் எண் மட்டும் இருக்கிறது. எண்ணுக்குரிய செருப்பு எதுவென்பது செருப்புக் காப்பவருக்குத் தெரியும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மின்னஞ்சலுக்குள் நுழைந்தவரை ஒவ்வொரு மடலுக்கும் கடவுச்சொல் கேட்காமல் காப்பதும் இந்த டோக்கன்தான்.

கோளாறு அடுத்த படியில் தொடங்குகிறது. நீங்கள் திறந்த பக்கத்தில் இருக்கும் எல்லாமும் அந்தத் தளத்திலிருந்து வருவதில்லை. விளம்பரப் படம் ஓரிடத்திலிருந்தும், பகிர்வுப் பொத்தான் இன்னோரிடத்திலிருந்தும், வருகையாளரை எண்ணும் நிரல்துண்டு மூன்றாவது இடத்திலிருந்தும் வருகின்றன. அவர்களும் ஆளுக்கொரு டோக்கனை உங்கள் உலாவியில் செருக முடியும். மூன்றாம் தரப்புக் குக்கீ என்பது இதுதான். ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் பத்தாயிரம் தளங்களில் இருக்குமானால், பத்தாயிரம் வாசல்களிலும் ஒரே ஆள் உட்கார்ந்து ஒரே டோக்கன் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறான் என்று பொருள். மருந்துக்கடையில் எதற்கு மாத்திரை கேட்டீர்கள், அடகுக்கடையில் எதை விசாரித்தீர்கள், நூலகத்தில் எந்த அலமாரிமுன் நின்றீர்கள் என்பதெல்லாம் ஒரே நோட்டில் ஏறுகின்றன. உங்கள் பெயர் அவனுக்குத் தேவையே இல்லை. தறி ஓட்டும் ஒருவர் இரவில் 'அவசரக் கடன்' என்று தேடியவர் என்பது தெரிந்தால் போதும். மறுநாள் அவர் ஒரு கவிதையைத் திறந்தாலும் அதன் கீழே ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலி சிரித்துக்கொண்டு நிற்கும்.

இங்கே எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், காவிரிக்குக் கிழக்கே இருக்கும் ஊர் பள்ளிபாளையம். நாமக்கல் மாவட்டம். ஒருபுறம் எழுதவும் அச்சிடவுமான தாளைச் செய்யும் சேஷசாயி ஆலை, மறுபுறம் தெருத்தெருவாக விசைத்தறிப் பட்டறைகள். ஆற்றோடு சற்று மேலே போனால் குமாரபாளையம், அங்கும் தறிதான். இவ்வட்டாரத்துத் தறித் தொழிலில் 'பாக்கி' என்றொரு வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வேலைக்குச் சேரும்போது தறிக்காரரிடம் தொழிலாளி ஒரு தொகையை முன்பணமாக வாங்குகிறார். அதைத் தீர்க்காமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. போவதானால் புதிய முதலாளி பழைய முதலாளியின் பாக்கியைக் கட்டி மீட்க வேண்டும். மானிடவியலாளர் கீர்ட் டி நெவ் குமாரபாளையத்தில் இதை ஆராய்ந்து 1999இல் எழுதினார். பாக்கியை வெறும் கொத்தடிமைத்தனமாக மட்டும் அவர் பார்க்கவில்லை. தொழிலாளர்கள் அதைப் பேரம் பேசவும் பயன்படுத்துகிறார்கள், ஆள் தட்டுப்பாட்டுக் காலத்தில் பெரிய பாக்கி கேட்கிறார்கள், சில வேளை கட்டாமலே போய்விடுகிறார்கள் என்பதையும் காட்டினார். என் வாதத்துக்கு இந்த இரண்டாம் பாதிதான் முக்கியம். தொழிலாளிக்குத் தன் பாக்கி எவ்வளவு என்று தெரியும். யாரிடம் வாங்கினோம் என்பது தெரியும். முகம் பார்த்துச் சண்டை போட முடியும். பச்சைப் பொத்தானை அழுத்தியவருக்கு எதைக் கொடுத்தோம், யாருக்குக் கொடுத்தோம், எதுவரைக்கும் என்ற மூன்றில் ஒன்றும் தெரியாது. பாக்கியைவிட மோசமான ஒப்பந்தம் ஒன்றைக் கண்டுபிடித்து அதற்குத் தனியுரிமைக் கொள்கை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் தயக்கத்தோடு சொல்கிறேன். 2025 ஜூலையில் பள்ளிபாளையம் வட்டாரத்து விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய செய்திகள் வெளிவந்தன. ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. சிறுநீரகத்தையும் குக்கீயையும் ஒரே தட்டில் வைக்கிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது உடல், இது தரவு. இரண்டுக்குமிடையே உள்ள தூரம் எனக்குத் தெரியும். நான் பேசுவது தாளைப் பற்றி. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம், நெருங்கிய உறவினரல்லாத ஒருவர் உறுப்பைத் தருவதானால் பாசத்தினாலோ பற்றினாலோ தருவதாக இருக்க வேண்டும் என்றும், அங்கீகாரக் குழுவின் முன் அனுமதி பெற வேண்டும் என்றும் சொல்கிறது. கடன் கழுத்தை நெரிக்கும்போது எவரும் எந்தத் தாளிலும் பாசம் என்று எழுதிக் கையெழுத்திடுவார். தாள் குறையில்லாமல் இருக்கும், சம்மதம் இருக்காது. கையெழுத்து இருக்கும் இடத்தில் சம்மதம் இருந்தாக வேண்டும் என்ற நம்பிக்கையை எங்கள் ஊர் என்றைக்கோ இழந்துவிட்டது. இணைய வணிகம் அந்த நம்பிக்கையை மூலதனமாக வைத்து ஓடுகிறது.

இதற்கு வழக்கமாக மூன்று மறுமொழிகள் வரும். 'எனக்கு மறைக்க ஒன்றுமில்லை' என்பது முதலாவது. இதைச் சொல்பவர் பெரும்பாலும் கடனில்லாதவர், நோயில்லாதவர், மேல்தட்டில் பிறந்த ஆண். அவரோடு விவாதித்துப் பயனில்லை. 'இலவசமாகத் தருகிறார்கள், விளம்பரம் பார்த்தால் என்ன குறைந்துவிடும்' என்பது இரண்டாவது. விளம்பரத்துக்கும் வேவுக்கும் உள்ள வேறுபாட்டை இவர் அறியவில்லை. தினத்தந்தியில் வரும் ஜவுளிக்கடை விளம்பரம் நீங்கள் எந்தப் பக்கத்தில் எத்தனை நொடி நின்றீர்கள் என்று குறித்துக்கொள்வதில்லை. படிக்கும் கட்டுரைக்கேற்ற விளம்பரத்தைப் பக்கத்தில் வைக்க ஒரு டோக்கனும் வேண்டாம்.

மூன்றாவது மறுமொழிதான் பதில் சொல்லத் தகுந்தது. 'கட்டுப்பாடு பயனரின் கையில்தானே இருக்கிறது? உலாவியின் அமைப்புகளில் போய் மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே?' ஆம், மாற்றலாம். குரோமில் அமைப்புகளுக்குள் தனியுரிமை, பாதுகாப்பு என்ற பகுதியில் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்கும் தெரிவு இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் மின்னஞ்சலோ வங்கித் தளமோ பெரும்பாலும் கெட்டுப்போவதில்லை, ஏனெனில் அவை தங்கள் சொந்தக் குக்கீயில் ஓடுகின்றன. ஏற்கெனவே சேர்ந்திருப்பவற்றை அழிக்கவும் வழி உண்டு. அழித்தால் எல்லாத் தளங்களிலும் மறுபடி கடவுச்சொல் இட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இதைச் செய்யுங்கள், இன்றே செய்யுங்கள். மறைமுகச் சாளரத்தை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் வீட்டுக் கணினியில் தடம் விடாது என்பதே அதன் முதன்மையான வாக்குறுதி. அந்தச் சாளரத்திலும் பயனர்களின் நடமாட்டத்தைத் திரட்டியதாக அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் 2024இல் ஒப்புக்கொண்டது.

ஆனால் கட்டுப்பாடு இருக்கிறது என்பதும் அது எந்தப் பக்கம் திரும்பி வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் வேறு வேறு. ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020 மார்ச்சிலிருந்து மூன்றாம் தரப்புக் குக்கீகளை யாரும் கேட்காமலே தடுக்கிறது. ஃபயர்பாக்ஸ் 2019 செப்டம்பரில் அறியப்பட்ட வேவு நிரல்களின் குக்கீகளைத் தானாகத் தடுக்கத் தொடங்கியது. 2022இல் ஒவ்வொரு தளத்தின் டோக்கனையும் அந்தந்தத் தளத்துக்குள்ளேயே பூட்டிவிட்டது. குரோம்? இரண்டாண்டுகளில் இவற்றை ஒழிப்போம் என்று 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. பிறகு தள்ளிவைத்தது, மறுபடி தள்ளிவைத்தது, 2024 ஜூலையில் திட்டத்தையே கைவிட்டது. பயனரிடம் தனியாக ஒரு கேள்வி கேட்கும் எண்ணத்தையும் 2025 ஏப்ரலில் விட்டுவிட்டது. விளம்பரத்தில் வாழும் நிறுவனம் உலாவியையும் செய்தால் வேறென்ன நடக்கும்?

இதை எங்கள் தெருவுக்குப் பெயர்த்துப் பாருங்கள். விலை உயர்ந்த ஐபோன் வாங்கியவருக்குத் தடுப்பு தானாகக் கிடைக்கிறது. தவணையில் ஆண்ட்ராய்டு கைபேசி வாங்கியவருக்கு அதில் குரோம் முன்கூட்டியே வைத்துத் தரப்படுகிறது, தடுப்பை அவரே தேடிப்போய் இயக்க வேண்டும். பன்னிரண்டு மணிநேரம் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வருபவர் அமைப்புகளுக்குள் நான்கு அடுக்கு இறங்கிப் போவார் என்று யார் எதிர்பார்க்கிறார்கள்? ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்காததால்தான் கட்டுப்பாடு அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. இதில் ஒரு நகைச்சுவையும் உண்டு. நீங்கள் மறுத்தீர்கள் என்பதை நினைவில் வைக்கவும் ஒரு குக்கீ வேண்டும். குக்கீகளை அவ்வப்போது அழிக்கும் எச்சரிக்கையான வாசகரை அந்த அறிவிப்பு ஒவ்வொரு முறையும் மறுபடி மறிக்கும். ஏற்றவருக்கு அமைதி, மறுத்தவருக்குத் தொல்லை.

சம்மதம் என்றால் என்ன என்பதில் ஐரோப்பிய நீதிமன்றங்கள் ஓரளவு தெளிவாகப் பேசியிருக்கின்றன. முன்கூட்டியே குறியிடப்பட்ட பெட்டி சம்மதமாகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1ஆம் தேதி தீர்ப்பளித்தது. ஏற்க ஒரு சொடுக்கும் மறுக்கப் பல சொடுக்குகளும் வைத்ததற்காக கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் பிரெஞ்சுத் தரவுக் காப்பு ஆணையம் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. ஐரோப்பாவைப் புகழ்வது என் நோக்கமன்று, அங்கும் இந்தப் பச்சைப் பொத்தான் கேலிக்கூத்து தொடர்கிறது. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கூகுள் விளம்பரம் போடும் தளத்தை பாரிஸிலோ லண்டனிலோ இருக்கும் தமிழர் திறந்தால் அது அவரைக் கேட்டாக வேண்டும். அதே தளத்தைப் பள்ளிபாளையத்தில் திறந்தால் பெரும்பாலும் கேட்பதே இல்லை. கேட்காமலே டோக்கன் செருகப்படுகிறது. ஒரே கவிதை, ஒரே மொழி, இருவேறு வாசகர்கள். ஒருவர் குடிமகன், மற்றவர் மேய்ச்சல் நிலம்.

நம்மிடமும் ஒரு சட்டம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுக் காப்புச் சட்டம் அது. அரசுக்கு அகலமான விலக்குகளை அள்ளிக் கொடுத்த சட்டம் என்பதும், பொய்யான அல்லது அற்பமான புகார் கொடுக்கும் குடிமகனுக்கே 10,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம்கொடுத்த சட்டம் என்பதும் தனியாக ஒரு கட்டுரைக்குரியவை. ஆனால் அதன் ஆறாவது பிரிவை எழுதியவர் தூங்கிக்கொண்டு எழுதவில்லை. சம்மதம் சுயேச்சையானதாக, குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாக, அறிந்து தரப்படுவதாக, நிபந்தனையற்றதாக, ஐயத்துக்கு இடமற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்த அதே எளிமையோடு திரும்பப் பெறவும் இயல வேண்டும் என்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழி எதிலுமோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. குக்கீ என்ற சொல் சட்டத்தில் இல்லை. ஒருவரை அடையாளம் காண உதவும் எந்தத் தரவும் அதன் வரம்புக்குள் வருவதால், ஓர் ஆளைத் தளம்தளமாகப் பின்தொடரும் டோக்கன் எண் எப்படித் தப்பும் என்று எனக்குப் புரியவில்லை. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரை. நிறுவனங்கள் அந்த அவகாசத்தை எப்படிப் பயன்படுத்தும் என்பதை ஊகிக்க ஜோதிடம் வேண்டாம். ஆங்கில அறிவிப்பை இயந்திரத்திடம் கொடுத்து, ஒருவருக்கும் விளங்காத தமிழில் வாங்கி ஒட்டிவிடுவார்கள்.

நிறுவனங்களை விடுங்கள். எனக்குக் கோபம் நம்மவர்கள்மீதுதான்.

தொண்ணூறுகளில் நிறப்பிரிகை காலத்திலிருந்து தமிழ்ச் சிற்றிதழ்ச் சூழல் ஃபூக்கோவைப் பேசிவருகிறது. கண்காணிப்புக் கோபுரத்தைப் பற்றி எத்தனை கட்டுரைகள், எத்தனை கருத்தரங்குகள். கைதிக்குக் கோபுரத்தில் ஆள் இருக்கிறானா இல்லையா என்பது தெரியாது, அந்தத் தெரியாமையே அதிகாரம் என்று நமக்கு விளக்கியவர்கள் இன்று இணைய இதழ் நடத்துகிறார்கள். அந்த இதழ்களில் ஒன்றைத் திறந்து, உலாவியின் முகவரிப் பட்டைக்கு அருகிலுள்ள குறியைத் தட்டிப் பாருங்கள். எத்தனை குக்கீகள், யார் யாருடையவை என்று அதுவே காட்டும். அதிகாரம் பற்றிய கட்டுரையின் அடியிலேயே கோபுரம் நிற்கிறது. ஆசிரியரைக் கேட்டால் 'வார்ப்புருவோடு வந்தது', 'நண்பர் ஒருவர் போட்டுக் கொடுத்தார்' என்பார். அட்டைப்பட ஓவியத்தின் கோட்டுத் தடிப்புக்காக ஒரு வாரம் சண்டையிடும் ஆசிரியர் இவர்.

தெரியாது என்பது சாக்காகாது என்று சொல்ல ஒரு தீர்ப்பே இருக்கிறது. ஜெர்மனியில் இணையவழி துணி விற்கும் கடையொன்று தன் தளத்தில் ஃபேஸ்புக்கின் விருப்பப் பொத்தானைப் பதித்திருந்தது. பொத்தானை அழுத்தாதவர்களின் தரவும் ஃபேஸ்புக்குக்குப் போயிற்று. திரட்டி அனுப்பும் அந்தச் செயலுக்குக் கடையும் கூட்டுப் பொறுப்பாளிதான் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 ஜூலையில் கூறியது. துணி வியாபாரிக்கு உள்ள பொறுப்பு இலக்கிய ஆசிரியருக்கு இல்லையா?

சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழை 1959 தொடங்கி 1970 வரை நடத்தினார். தன் வாசகரைப் பற்றி அவரிடம் இருந்தது சந்தாதாரர் முகவரி. அது இதழை அனுப்பத் தேவையானது, வாசகர் அறிந்து கொடுத்தது. எந்தக் கவிதையைப் பாதியில் மூடி வைத்தார், எந்தக் கட்டுரைக்கு இரவு இரண்டு மணிக்குத் திரும்ப வந்தார் என்பதெல்லாம் வாசகருக்கும் தாளுக்குமான விஷயமாக இருந்தது. வாசிப்பு அந்தரங்கமானது என்று மேடையில் பேசுகிறோம். தன்பால் விருப்பத்தைப் பற்றிய நாவலைத் தன் ஊரில் யாருக்கும் தெரியாமல் படிக்கும் இளைஞனுக்கும், தற்கொலையை எழுதிய கவிஞனை மறுபடி மறுபடி திறக்கும் பெண்ணுக்கும் அது மேடைப்பேச்சு அன்று. அவர்களுடைய தடத்தை யாரோ ஒரு விளம்பரத் தரகனுக்கு அனுப்பிவைக்கும் வேலையை இலக்கிய இதழ் செய்துகொண்டிருக்கிறது, கூலிகூட வாங்காமல்.

இதைச் சரிசெய்யப் பெரும்பணம் வேண்டாம். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத் தளத்தின் வழங்கியிலுள்ள பதிவேடே சொல்லும், அதற்கு அயலார் நிரல் வேண்டியதில்லை. பகிர்வுப் பொத்தான்களை எடுத்துவிட்டு வெறும் சுட்டி வைத்தால் போதும். காணொளியைப் பதிக்காமல் இணைப்பாகத் தரலாம். பதித்தே ஆக வேண்டுமென்றால் குக்கீ குறைந்த வடிவத்தை யூடியூபே வைத்திருக்கிறது. விளம்பரம் இல்லாமல் தளத்தை நடத்த முடியாதவர்கள் தங்கள் நிலையை வாசகரிடம் நேரே சொல்லட்டும், சந்தாவோ நன்கொடையோ கேட்கட்டும். அப்படியும் மூன்றாம் தரப்புக் குக்கீ வேண்டுமென்றால், எந்தெந்த நிறுவனம், எதற்காக, எத்தனை நாள் என்பதைத் தமிழில் எழுதி, 'மறுக்கிறேன்' என்ற பொத்தானை 'ஏற்கிறேன்' என்பதன் அதே அளவில் அதே நிறத்தில் பக்கத்தில் வைக்கட்டும். மறுத்தவருக்கும் கதை திறக்கட்டும். மொத்தம் ஆறு வரி வரும். காஃப்காவையும் போர்ஹேயையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களால் அந்த ஆறு வரியை எழுத முடியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.